அமெரிக்காவில் கார் டோட்டல் ஆகிவிட்டால் எந்த வழியில் பணத்தை வாங்குவது?

ஊரில் நம் கார் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். புது வண்டியின் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வருடம் வரை 30 என்று கழித்து, பாலிசி போடும் நாளிலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை அது. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள்; அமெரிக்காவில் 'டோட்டல்' என்பதும் இப்படி முழு நஷ்டம் என்று முடிவாவதுதான். கைக்கு ஏறக்குறைய எவ்வளவு வரும் என்பது விபத்துக்கு முன்பே தெரியும்.

அமெரிக்கப் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். வழக்கமான கார் பாலிசியில் அப்படி ஓர் எண் எங்கும் இருக்காது. 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்று மட்டும் போட்டிருக்கும். அதாவது இடிபடுவதற்கு முந்தைய நிமிடம் இந்த வண்டி உங்கள் பகுதிச் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்குமோ அந்தத் தொகை. அதை யார் கணக்குப் போடுகிறார்கள்? பணம் கொடுக்க வேண்டிய கம்பெனியே, தான் சந்தா கட்டி வைத்திருக்கும் ஒரு மென்பொருளை வைத்துப் போடுகிறது. இங்கே வந்து முதல் முறை வண்டியை இழக்கும் நம்மவர்களின் எரிச்சல் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒழுங்காகப் பிரீமியம் கட்டியிருப்பார்கள், தவறும் எதிராளி மேல் இருக்கும். ஆனாலும் வருகிற செக்கில் அதே மாதிரி வண்டி வாங்க முடியாது.

என் நட்பு வட்டத்தில் யாருக்கு வண்டி அடிபட்டாலும் அந்தக் காகிதங்கள் என்னிடம் ஒரு சுற்று வரும். அப்படிப் பார்த்ததில், முடிவெடுக்க வேண்டிய இடங்கள் மூன்று நான்குதான். ஆனால் எல்லாரும் முதல் இடத்திலேயே, அதாவது யாருடைய இன்சூரன்ஸில் கேட்பது என்பதிலேயே, வாரக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். உண்மையில் பணம் கூடவோ குறையவோ செய்கிற இரண்டாவது இடத்துக்கு வரும்போது தெம்பு தீர்ந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

யாருடைய இன்சூரன்ஸ்?

எதிராளி மேல் தவறு என்றால் இரண்டு வழி உண்டு. அவருடைய கம்பெனியிடம் நேராகக் கேட்கலாம். அல்லது உங்கள் பாலிசியில் 'கொலிஷன்' (மோதலில் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால் உங்கள் கம்பெனியிடமே வாங்கிக்கொண்டு, அவர்கள் எதிராளியிடம் வசூலிக்கட்டும் என்று விட்டுவிடலாம். அந்த வசூலுக்கு சப்ரொகேஷன் என்று பெயர்.

எதிராளியின் கம்பெனி பக்கம் எல்லாருக்கும் ஆசை வருவதற்குக் காரணம் டிடக்டிபிள். உங்கள் பாலிசியில் போனால் 500 அல்லது 1,000 டாலர் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தப் பக்கம் அது கிடையாது. உங்கள் பாலிசியில் வாடகைக் கார் வசதி எடுக்காமல் இருந்தாலும், வண்டியில்லாமல் இருந்த நாட்களுக்கு அங்கே இழப்பீடு கேட்கலாம். டெக்சாஸில் டோட்டல் ஆன வண்டிக்கு இந்த உரிமை உண்டா என்பதே நீண்ட நாள் சந்தேகமாக இருந்து, 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

சரி, இதெல்லாம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. தங்கள் ஆளிடம் பேசி, போலீஸ் ரிப்போர்ட் வந்து, தவறு எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும் வரை ஒரு டாலர் நகராது. அவர்களுடைய ஆள் போனை எடுக்கவில்லை என்றால் அதுவும் உங்கள் தலையில்தான் விடியும். அதற்குள் வண்டி நிற்கும் டோ யார்டில் ஒவ்வொரு நாளும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது உச்சவரம்பு. கலிஃபோர்னியாவில் ஒருவர் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய சொத்துச் சேத காப்பீடு 2024 முடியும் வரை வெறும் 5,000 டாலர். 2025 ஜனவரியிலிருந்துதான் அது 15,000 ஆனது. ஃபுளோரிடாவில் 10,000, டெக்சாஸில் 25,000. முப்பதாயிரம் டாலர் பெறுமான வண்டியை, குறைந்தபட்சப் பாலிசி மட்டும் வைத்திருக்கும் ஒருவர் இடித்தால் அவர் கம்பெனி அந்த வரம்போடு நிறுத்திக்கொள்ளும். மீதிக்கு அந்த ஆளைத்தான் தேடிப் போக வேண்டும்.

நீங்கள் இருக்கும் மாநிலமும் விளையாட்டை மாற்றும். கலிஃபோர்னியாவில் உங்கள் மேல் 20 சதவீதத் தவறு என்று முடிவானால், எதிர்த்தரப்பில் மீதி 80 சதவீதமாவது வரும். டெக்சாஸில் உங்கள் பங்கு பாதியைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் வட கரோலினா, வர்ஜீனியா, மேரிலாந்து மூன்றிலும் சட்டம் இன்னும் கடுமை: உங்கள் மேல் சிறு பங்கு தவறு இருந்தாலும் எதிராளியிடமிருந்து கேட்கும் உரிமையே போய்விடலாம். 'நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்' என்று மரியாதைக்காகச் சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே முழு வண்டியின் விலை. எதிராளி கம்பெனி கேட்கும் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் கம்பெனிக்கு ஒத்துழைக்கும் கடமை மட்டும் உண்டு. மிச்சிகனில் கதையே வேறு. அங்கே வண்டிச் சேதத்துக்கு எதிராளியிடம் கேட்கக்கூடியது அதிகபட்சம் 3,000 டாலர்தான். டிட்ராய்ட் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் கொலிஷன் இல்லாமல் வண்டி எடுக்கவே கூடாது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கொலிஷன் இருக்கிறவர்கள் உங்கள் கம்பெனி வழியாகவே போங்கள் என்றுதான் சொல்வேன். டிடக்டிபிள் முதலில் போகும். எதிராளி கம்பெனி பணம் கொடுத்ததும் அது முழுதாகவோ பகுதியாகவோ திரும்ப வரும். தாமதமாகலாம், ஆனால் அதுவரை நீங்கள் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள். 'நம் பாலிசியில் கேட்டால் பிரீமியம் ஏறிவிடும்' என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கலிஃபோர்னியாவில் உங்கள் மேல் தவறில்லாத விபத்துக்காகப் பிரீமியத்தை ஏற்றச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மற்ற மாநிலங்களில் ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எதிராளி கம்பெனியை நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஓரிரு சந்தர்ப்பத்தில்தான். உங்களிடம் கொலிஷன் இல்லை என்றால் வேறு வழியே கிடையாது. இல்லையென்றால் சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னால் வந்து இடித்தது போலத் தவறு அப்பட்டமாக இருந்து, இரண்டொரு நாளிலேயே அவர்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அப்போதும் கையெழுத்துப் போடும் காகிதத்தில் வண்டிச் சேதம் மட்டும்தான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உடம்புக்கான உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கும் பத்திரமாக இருந்தால் தொடாதீர்கள். கழுத்து வலி இரண்டு வாரம் கழித்தும் வரும்.

எதிராளிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால்? கலிஃபோர்னியாவில் காப்பீடு இல்லாதவர் இடித்ததற்கான தனிக் காப்பீடு, வண்டிக்கு 3,500 டாலரோடு நின்றுவிடும். அதை நம்பி கொலிஷனை நிறுத்தியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

எவ்வளவு? முழுக் கவனமும் இங்கே வேண்டும்

டோட்டல் என்று எப்போது சொல்வார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் ரிப்பேர் செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தொட்டால், ஃபுளோரிடாவில் 80, டெக்சாஸில் 100. கலிஃபோர்னியாவில் ரிப்பேர் செலவையும் உடைசல் விலையையும் (நொறுங்கிய வண்டியை அப்படியே விற்றால் கிடைப்பது) கூட்டினால் வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். இதில் நாம் வாதாடிப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. வாதாட வேண்டியது மதிப்பைப் பற்றி.

அட்ஜஸ்டர், அதாவது கம்பெனி சார்பில் உங்கள் கிளெய்மைக் கவனிப்பவர், போனில் ஒரு தொகை சொல்வார். அதைக் கேட்டதும் 'சரி' என்று சொல்லாமல், மதிப்பீட்டு ரிப்போர்ட்டை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். சி.சி.சி. அல்லது மிட்செல் போன்ற நிறுவனங்களின் மென்பொருள் தயாரிக்கும் பல பக்க ஆவணம் அது. அதை வரி வரியாகப் படிக்க ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள்.

நண்பர் ஒருவருடைய ஹோண்டா சி.ஆர்.வி. ரிப்போர்ட்டைச் சொல்கிறேன். அவருடையது இ.எக்ஸ்.எல். வகை: தோல் இருக்கை, சன்ரூஃப், எல்லாம் உண்டு. ரிப்போர்ட்டில் அடிப்படையான எல்.எக்ஸ். என்று இருந்தது. சன்ரூஃப் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த வண்டிகளில் ஒன்று மூன்று மணி நேரப் பயண தூரத்தில் ஒரு சிற்றூரில் நின்றது. ஒவ்வொரு வண்டியின் விளம்பர விலையிலிருந்தும் 'பேரம் பேசினால் குறையும்' என்று ஒரு தொகை கழித்திருந்தார்கள். அதில் ஒன்று, பழைய கார் விற்கும் கார்மேக்ஸ் கம்பெனியின் வண்டி; பேரமே கிடையாது என்பதைத்தான் அவர்கள் விளம்பரமே செய்கிறார்கள். கடைசியாக, இவர் வண்டியின் தரைவிரிப்பும் இருக்கையும் 'சராசரி' என்று இன்னும் கொஞ்சம் கழிவு. வண்டியை நேரில் பார்த்து எழுதினார்களா, படத்தைப் பார்த்தா என்று கேட்டதற்குக் கடைசி வரை நேரான பதில் வரவில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். பதினேழு எழுத்து வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து டீலரிடம் வண்டியின் ஜன்னல் ஸ்டிக்கர் பிரதியை வாங்கினார். 1958-ல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தின்படி ஒவ்வொரு புது வண்டியிலும் ஒட்டியிருக்க வேண்டிய அந்த ஸ்டிக்கரில் வகை, வசதிகள், விலை எல்லாம் இருக்கும். அதோடு அதே ஆண்டு, அதே வகை, ஏறக்குறைய அதே மைல் ஓடிய மூன்று வண்டிகளின் விளம்பரத்தை, வின் நம்பரும் டீலர் பெயரும் தெரியும்படி சேமித்து அனுப்பினார். புது டயர் மாற்றிய ரசீதும் சேர்த்தார். கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. எந்தப் பக்கம், எந்த வரி, சரியானது எது என்று மட்டும் எழுதினார். தொகை ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர் கூடியது. முதல் பிரிவில் டிடக்டிபிளுக்காக எல்லாரும் போராடும் 500 டாலரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் அதைச் சேர்த்தே தர வேண்டும் என்பது விதி. அடிப்படை விற்பனை வரியே 7.25 சதவீதம், 20,000 டாலர் வண்டிக்கு 1,450 டாலர். அதே மாநில விதியில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: செக் கைக்கு வந்த 35 நாட்களுக்குள், இந்தத் தொகைக்கு அதே மாதிரி வண்டி கிடைக்கவில்லை என்று உங்கள் கம்பெனிக்குத் தெரிவித்தால் அவர்கள் கோப்பைத் திரும்பத் திறந்தாக வேண்டும். இதை அட்ஜஸ்டர் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

திருத்தம் கேட்டும் நகரவில்லை என்றால் அடுத்த படிகள் உண்டு. உங்கள் சொந்தப் பாலிசியில் 'அப்ரைசல்' பிரிவு இருந்தால் அதைக் கோரலாம். நீங்கள் ஒரு மதிப்பீட்டாளர், கம்பெனி ஒருவர், இருவருக்கும் ஒத்துவராவிட்டால் பொதுவாக ஒரு நடுவர். உங்கள் ஆளின் கட்டணமும் நடுவர் கட்டணத்தில் பாதியும் உங்கள் செலவு. சில நூறு டாலராவது ஆகும். வித்தியாசம் ஆயிரத்துக்கும் கீழே என்றால் இது கட்டுபடியாகாது. மூன்று நாலாயிரம் என்றால் தயங்க வேண்டாம். எல்லாப் பாலிசியிலும் இந்தப் பிரிவு இருக்காது, அதோடு எதிராளியின் கம்பெனியிடம் இதைக் கோரவே முடியாது. உங்கள் கம்பெனி வழியாகப் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுக்கச் செலவே இல்லை. தொகையை அவர்கள் நிர்ணயித்துத் தர மாட்டார்கள். ஆனால் கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், போனில் மழுப்பியவர்கள் காகிதத்தில் கொஞ்சம் கவனமாகப் பேசுவார்கள். வேலை விசாவில் இருக்கிறோம், புகார் கொடுத்தால் ஏதாவது ஆகுமோ என்று தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது ஒரு நுகர்வோர் புகார், அவ்வளவுதான். விசாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எதிராளியிடம் வர வேண்டிய மீதிக்குச் சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு. கலிஃபோர்னியாவில் தனி நபர் 12,500 டாலர் வரை, டெக்சாஸில் 20,000 வரை கேட்கலாம். கலிஃபோர்னியாவின் சிறு வழக்கு விசாரணையில் இரு பக்கமும் வக்கீல் நின்று வாதாட முடியாது என்பது நமக்குச் சாதகம். வழக்கு அந்த ஓட்டுநர் மேல்தான் போட வேண்டும், அவர் கம்பெனி மேல் இல்லை. கால வரம்பு கலிஃபோர்னியாவில் மூன்று வருடம், டெக்சாஸில் இரண்டு.

வண்டியை நாமே வைத்துக்கொள்ளலாமா?

மதிப்பு 9,000 டாலர், டிடக்டிபிள் 500, ஏலத்தில் உடைசலுக்கு 1,800 கிடைக்கும் என்று வையுங்கள். வண்டியைக் கொடுத்தால் 8,500. வைத்துக்கொண்டால் 6,700-ம் வண்டியும். பழைய டொயோட்டாவில் கதவும் பம்பரும் மட்டும் போயிருந்து, நம்பகமான மெக்கானிக் இருந்து, இன்னும் பல வருடம் நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம் என்பேன். வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் 'சால்வேஜ்', அதாவது முழு நஷ்டமான வண்டி என்ற முத்திரை விழும். பழுது பார்த்து, பரிசோதனை முடித்துத்தான் திரும்பப் பதிவு செய்ய முடியும். பிறகு முழுக் காப்பீடு தர எல்லாக் கம்பெனியும் முன்வருவதில்லை, விற்கும்போது விலையும் விழும். ஏர்பேக் வெடித்த வண்டியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பப் போகிறவர்களுக்கும் இது ஒத்துவராது. கிளம்பும் அவசரத்தில் அந்த டைட்டிலோடு வண்டியை விற்பது பெரும் பாடு.

கடன் பாக்கி இருந்தால்

செக் முதலில் வங்கிக்குத்தான் போகும். மதிப்பு 24,000, டிடக்டிபிள் 1,000, கடன் பாக்கி 27,500 என்றால் வங்கிக்கு 23,000 போய்விடும். வண்டியும் இல்லை, 4,500 டாலர் கடன் மட்டும் நிற்கும். அமெரிக்கா வந்த புதிதில் கிரெடிட் வரலாறு இல்லாமல், அதிக வட்டியில், முன்பணமே இல்லாமல் வண்டி எடுக்கும் நம்மவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வண்டி வாங்கியபோது 'கேப்' காப்பீடு எடுத்திருந்தால் 3,500 டாலர் வித்தியாசத்தை அது கட்டும். சில திட்டங்கள் டிடக்டிபிளையும் சேர்த்துக் கட்டும். டீலர் அன்று கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், எடுத்ததே நினைவில்லாமல் போனவர்கள் உண்டு. கிளெய்ம் முடியும் வரை மாதத் தவணையை நிறுத்த வேண்டாம். வண்டி நொறுங்கிக் கிடக்கும்போது அதற்குத் தவணை கட்டுவது வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஒரு தவணை விட்டுப்போனாலும் கிரெடிட் ஸ்கோரில் விழுந்து, அடுத்த வண்டிக்கான வட்டியில் வந்து நிற்கும்.

அடுத்த வண்டி

வாடகைக் காரின் கெடு இங்கேதான் கழுத்தை நெரிக்கும். பாலிசியில் நாளொன்றுக்கு இவ்வளவு, மொத்தம் இத்தனை நாள் என்று இருக்கும். ஆனால் டோட்டல் என்று முடிவாகித் தொகை சொன்ன சில நாட்களிலேயே வாடகையை நிறுத்திவிடுவார்கள். தொகையில் உடன்பாடு இல்லை என்றாலும் நிறுத்தக்கூடும். அந்தக் கெடுவுக்குப் பயந்து குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்வதா, சில நாள் வாடகையைக் கைக்காசில் கட்டிக்கொண்டு பேசுவதா? நாளைக்கு 45 டாலர் என்றால் பத்து நாளுக்கு 450. ரிப்போர்ட்டில் உள்ள தவறு அதைவிடப் பெரிது என்று தெரிந்தால் கட்டிக்கொண்டு பேசுங்கள்.

அதே வயது, அதே மைல் ஓடிய வண்டியைத் தேடுவதா, புதிதாக எடுப்பதா என்பதில் அவசரப்பட்டுப் புதிதுக்குப் போகிறவர்கள் அதிகம். பயம் ஒரு காரணம். அடிபட்டவருக்குப் புது வண்டியின் பாதுகாப்பு வேண்டும் என்று தோன்றுவது இயல்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வருடத் தவணையில் முன்பணம் இல்லாமல் புது வண்டி எடுத்தால், முன்பு சொன்ன 4,500 டாலர் பள்ளத்தில் மறுபடி நிற்கிறீர்கள். வந்த தொகை முழுவதையும் போட்டு இரண்டு மூன்று வருடப் பழைய வண்டியைச் சிறு கடனில் எடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியாக வரும். புதிதுதான் என்றால் கேப் எடுங்கள். டீலரைவிட உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடமோ கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவு வங்கியிடமோ பொதுவாக மலிவாக இருக்கும்.

அப்புறம், பழைய வண்டியை ஏல யார்டுக்கு இழுத்துப் போவதற்குள் நேரில் போய் டோல் டேக், குழந்தை இருக்கை, டாஷ்போர்டில் உள்ள காகிதங்களை எடுத்துவிடுங்கள். அந்தக் குழந்தை இருக்கையைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். விபத்தில் இருந்த இருக்கைக்குப் பதில் புதிதின் விலையையும் கிளெய்மில் கேளுங்கள், பல கம்பெனிகள் தருகின்றன. பழைய பாலிசியை உடனே ரத்து செய்யாதீர்கள். புது வண்டியை அதே பாலிசியில் சேர்த்த பிறகு பழையதை நீக்கச் சொன்னால் போதும், இடையில் காப்பீடு இல்லாத நாள் என்று ஒன்று பதிவாகாது.